ராக்கெட் இயலின் தந்தை ராபர்ட் கோடார்டு

விண்ணில் பறக்க வேண்டும் என்பது மனிதனின் நெடுநாள் கனவு. அக்கனவு நனவாக உழைத்தோர் பலர். அவர்களுள் நோயோடும் ஏளனத்தோடும் போராடியவர், ஆபத்தான பொருள்களோடு வாழ்நாளெல்லாம் பழகியும் நிதானம் தவறாதவர் ஒருவர் உண்டு. அவரே ராபர்ட் கோடார்டு. அவருடைய வாழ்க்கையை நாம் இங்குக் காண்போம்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், 1882-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ராபர்ட் பிறந்தார். தந்தையார் மகனின் ஆர்வத்தை அறிந்து, தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் வாங்கிக் கொடுத்தார். ஐந்து வயதில் ராபர்ட்டுக்கு ஒரு விசித்திர எண்ணம் தோன்றியது. மின்கலத்திலிருந்து எடுத்த துத்தநாகத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சரளைக் கற்களில் காலைத் தேய்த்தால் மின்சாரம் ஏறும், அப்போது வெகு உயரம் குதிக்கலாம் என்று நம்பினான் சிறுவன். அது பலித்தால் மேலே போனவன் திரும்பி வரமுடியாமல் போகலாம் என்று தாயார் எச்சரித்தார். உடனே துண்டை ஒளித்து வைத்துவிட்டானாம்! மேலே செல்வதைப் போலவே பத்திரமாகக் கீழே வருவதும் முக்கியம் என்ற முதற்பாடத்தை அன்னையே புகட்டினார் எனலாம்.

பதினாறாம் வயதில் வீட்டிலேயே அலுமினியத்தால் ஒரு பலூன் செய்து, அதில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பினார். பாரம் மிகுந்திருந்ததால் அது எழும்பவில்லை. அவர் மனம் உடையவில்லை. செய்ததையும் தோற்றதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இந்தப் பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1899-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள், பட்டுப்போன கிளைகளை வெட்டுவதற்காகச் செர்ரி மரம் ஒன்றில் ஏறினார். அங்கிருந்து வானத்தை நோக்கியபோது, செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் கருவி ஒன்றைச் செய்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. மரத்தைவிட்டு இறங்கியபோது தம் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுகொண்டார். ஆண்டுதோறும் அந்த நாளை அவர் நினைவுகூர்ந்து வந்தார்.

உடல்நலக் குறைவால் படிப்பில் பின்தங்கியவர், இருபத்தோராம் வயதில்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். ஆயினும் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். கல்லூரியில் பயிலும்போது கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வெடிமருந்து ராக்கெட் ஒன்றைக் கொளுத்த, எங்கும் புகை சூழ்ந்தது. நல்லவேளையாக ஆசிரியர்கள் அவரை வெளியேற்றவில்லை. 1911-இல் கிளார்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-இல் காசநோய் கடுமையாகத் தாக்கியது. இரண்டு வாரங்களே உயிர் வாழ்வார் என்று மருத்துவர்கள் கைவிரித்தனர். படுக்கையில் இருந்தபடியே தம் எண்ணங்களுக்கு வடிவம் கொடுத்தார். பிழைத்தெழுந்து, 1914-இல் அடுக்கு ராக்கெட்டுக்கும் திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கும் காப்புரிமை பெற்றார்.

1920-இல் பெரும் சோதனை வந்தது. நிலவுக்கும் ராக்கெட் அனுப்பலாம் என்று அவர் ஆய்வுநூலில் கூறியிருந்தார். காற்றில்லாத வெளியில் ராக்கெட் உந்தித் தள்ள ஏதுமில்லை, உயர்நிலைப் பள்ளி மாணவருக்குத் தெரிந்ததுகூட இவருக்குத் தெரியவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஏளனம் செய்தது. ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் படித்திருக்கிறோம். வாயு பின்னோக்கிப் பாய, ராக்கெட் முன்னோக்கிச் செல்கிறது. அதற்குக் காற்று தேவையில்லை. வெற்றிடக் கலத்தில் சோதனை செய்து இதை அவர் முன்பே மெய்ப்பித்திருந்தார். ஏளனம் அவர் மனத்தைப் புண்படுத்தியது. எனினும் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

திரவ ஆக்சிஜனும் பெட்ரோலும் அவர் தேர்ந்த பொருள்கள். திரவ ஆக்சிஜன் சுழிக்குக் கீழே 183 டிகிரி குளிர் உடையது. தொட்டால் தோல் கருகிவிடும். எரிபொருளோடு தவறான இடத்தில் கலந்தாலோ வெடித்துச் சிதறும். ஆகவே இரண்டையும் தனித்தனிக் கலங்களில் வைத்து, எரியும் அறையில் மட்டுமே கலக்கவிட்டார். பறக்கவிடுமுன் ராக்கெட்டைச் சட்டத்தில் பொருத்தி ஆய்வுக்கூடத்தில் பலமுறை சோதித்தார். 1926-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், ஆபர்ன் என்னும் ஊரில், உறவினரான எஃபி அத்தையின் பண்ணையில் பனி மூடிய வயலில் அது நிறுத்தப்பட்டது. உதவியாளர் நீண்ட கழி ஒன்றின் முனையில் கட்டிய தீப்பந்தத்தால் எட்டநின்று கொளுத்தினார். ராக்கெட் 41 அடி உயரம் எழுந்து, இரண்டரை வினாடிகள் பறந்து, 184 அடி தூரத்தில் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. திரவ எரிபொருளால் உலகில் பறந்த முதல் ராக்கெட் அதுவே!

1929 ஜூலையில் வேறொரு ராக்கெட் பேரொலியோடு பறந்தது. விமானம் விழுந்து நொறுங்கியதென்று அஞ்சி ஆம்புலன்ஸும் காவலரும் விரைந்து வந்தனர். அம்மாநிலத்தில் இனிச் சோதனை கூடாது என்று தீயணைப்புத் துறைத் தலைவர் தடை விதித்தார். கோடார்டு சண்டைக்கு நிற்கவில்லை. விமானி லிண்ட்பர்க்கின் முயற்சியால் குகன்ஹைம் குடும்பத்தாரின் பொருளுதவி கிடைக்கவே, 1930-இல் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் நகருக்கு அப்பாலுள்ள ஆளரவமற்ற சமவெளிக்குச் சென்றார். அங்கே ஏவுகோபுரத்திலிருந்து 1000 அடி தள்ளிக் குடில் அமைத்து, மின்விசைகளால் ராக்கெட்டை இயக்கினார். துணைவியார் எஸ்தர் படம் பிடித்தார், பாராசூட் தைத்தார், புல்லில் பற்றிய தீயையும் அணைத்தார். 1935-இல் அவருடைய ராக்கெட் ஒலியை மிஞ்சிய வேகத்தில் சென்றது. 1937-இல் ஏறத்தாழ ஒன்றரை மைல் உயரம் எட்டியது.

1945 ஆகஸ்ட் 10-இல் தொண்டைப் புற்றுநோயால் அவர் இறந்தார். 1969 ஜூலையில் அப்பொல்லோ-11 நிலவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், நியூயார்க் டைம்ஸ் தன் பழைய பிழையைத் திருத்தி வருத்தம் தெரிவித்தது. அதைப் படிக்க அவர்தாம் இல்லை!

1957-இல் ஸ்புட்னிக் பறந்த பின், அமெரிக்கச் சிறுவர் பலர் வீட்டிலேயே மருந்து கலந்து உலோகக் குழாய்களில் அடைத்து ராக்கெட் செய்யத் தொடங்கினர். சிலர் விரல்களை இழந்தனர், உயிரிழந்தோரும் உண்டு. இதைத் தடுக்கவே ஆர்வில் கார்லைல், ஹாரி ஸ்டைன் ஆகியோர் மாதிரி ராக்கெட் என்னும் பாதுகாப்பான கலையை வளர்த்தனர். உடல் காகிதத்தாலும் இலேசான மரத்தாலும் ஆனதாக இருக்க வேண்டும். மருந்தை நாமே கலக்கலாகாது, ஆலையில் செய்த இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும். சிறியதாயினும் 15 அடி தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும். பற்றாவிட்டால் ஒரு நிமிடம் கழியும்வரை அருகில் செல்லலாகாது. மெல்லக் கீழிறங்கப் பாராசூட் வேண்டும். கோடார்டு கடைப்பிடித்த நிதானமே இங்கு விதிகளாயிற்று.

அன்புத் தோழியரே! எச்சரிக்கையாக இருப்பவரைக் கோழை என்று சிலர் நகைப்பர். பல ஆண்டுகள் ராஸ்வெல்லிலும் ஆபர்னிலும் தீயோடு விளையாடிய இவரையா கோழை என்பது? நாளையும் சோதனை செய்ய வேண்டும் என்பதற்காகவே அவர் இன்று எட்டநின்றார். நாமும் ஆய்வுக்கூடத்தில் பின்னலை முடிந்துகொள்வோம். குப்பியின் பெயரைப் படித்தபின் திறப்போம். நீரில் அமிலத்தை ஊற்றுவோம், அமிலத்தில் நீரை ஊற்றோம். ராக்கெட் ஆசை எழுந்தால் ஆசிரியையின் முன்னிலையில், நூலில் ஓடும் பலூன் ராக்கெட்டிலிருந்து தொடங்குவோம். நியூட்டனின் விதி அதிலும் அதேதான். பொறுமையோடு உழைப்போம், பத்திரமாக உயர்வோம்!