மகாராஜா குலாப் சிங்கும் அமிர்தசரஸ் உடன்படிக்கையும்

காஷ்மீர் விவகாரத்தைப் பேசுவோரிற் பெரும்பாலோர் 1947-ஆம் வருஷத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றனர். அவ்வருஷம் மூண்ட தீக்கு விறகு நூறு வருஷங்களுக்கு முன்பே அடுக்கப்பட்டிருந்தது. ஜம்மு, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு, லடாக், பால்டிஸ்தானம், கில்கிட் ஆகிய நாடுகள் மொழியாலும் மதத்தாலும் மலைத்தொடர்களாலும் பிரிந்து கிடந்தவை. அவற்றை ஒரு கொடியின் கீழ் சேர்த்து ஒரு சமஸ்தானமெனப் பெயரிட்டவர் டோக்ரா ராஜபுத்திரரான குலாப் சிங். அவருடைய வரலாற்றை அறியாமல் அந்நாட்டின் இன்றைய சச்சரவை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

குலாப் சிங் 1792-ஆம் வருஷம் பிறந்தார். ஜம்முவை ஆண்ட வம்சத்தின் கிளையொன்றைச் சேர்ந்தவராயினும், அவர் குடும்பத்திற்குச் செல்வமோ அதிகாரமோ அதிகமில்லை. சீக்கர் படை ஜம்முவின் மேல் வந்தபோது அதை எதிர்த்து வாளெடுத்த இளைஞர், சில காலத்திற்குள் அதே மகாராஜா ரஞ்சித் சிங்கிடம் குதிரை வீரராகச் சேவகத்தில் அமர்ந்தார். தோற்கும் பக்கத்தில் நெடுநாள் நிற்பதில்லை என்ற குணம் அவரிடம் அப்போதே இருந்தது. வீரமும் சமயோசித புத்தியும் அவரை விரைவாக உயர்த்தின. 1822-ஆம் வருஷம் ரஞ்சித் சிங், சீனாப் நதிக் கரையிலுள்ள அக்னூரில், தம் கையாலேயே திலகமிட்டு அவரை ஜம்முவின் ராஜாவாக்கினார். அவருடைய தம்பியரில் தியான் சிங் லாகூர் தர்பாரின் பிரதம மந்திரியானார். சுசேத் சிங்கும் பெரிய ஜாகீர் பெற்றார்.

குலாப் சிங்கின் ஆட்சி முறையில் இரு தன்மைகள் கலந்திருந்தன. கள்வர் பயமின்றி வழிப்போக்கர் நடமாடும்படி மலைநாட்டை அவர் அடக்கினார். அடக்கிய விதமோ கொடிது. 1837-ஆம் வருஷத்தில் பூஞ்சுப் பிரதேசத்தில் கலகம் எழுந்தபோது, கலகத் தலைவர்களில் சிலரை உயிரோடு தோலுரிக்கச் செய்தார் என அக்காலத்தில் அப்பக்கம் சஞ்சரித்த ஐரோப்பிய யாத்திரிகர் எழுதி வைத்திருக்கின்றனர். பூஞ்சு மக்கள் அதை மறக்கவில்லை. 1947-ஆம் வருஷம் மகாராஜா ஹரி சிங்கின் ஆட்சியை எதிர்த்து முதற் கிளர்ச்சி தோன்றியதும் அதே பூஞ்சில்தான். அதற்கு அக்காலத்து வரிச்சுமையும், யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்களின் மனக்குறையும் உடனடிக் காரணங்கள். ஆயினும் பாட்டன்மார் சொல்லி வந்த கதை அக்கிளர்ச்சிக்குப் பின்னால் நின்றது. பூஞ்சு இன்று இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

வடக்கே நாடு பிடித்த கீர்த்தி அவருடைய சேனாபதி ஜோராவர் சிங்குக்கு உரியது. 1834-ல் கிஷ்த்வாரிலிருந்து புறப்பட்டு லடாக்கில் புகுந்த அவ்வீரர், 1840-ல் பால்டிஸ்தானத்தையும் வென்றார். 1841-ல் மேலைத் திபெத்தினுள் மானஸரோவரம் வரையிற் சென்றார். பனிக்காலம் வந்தது. குளிர் தாங்காத சிப்பாய்கள் துப்பாக்கிக் கட்டைகளையே எரித்துக் குளிர் காய்ந்தனர். டிசம்பர் மாதத்தில் தக்லாகோட்டுக்கு அருகே ஜோராவர் சிங் போரில் மாண்டார். மறு வருஷம் திபெத்தியர் லே நகரை முற்றுகையிட, ஜம்முவிலிருந்து புதுப் படை சென்று அவர்களைச் சூஷூலில் முறியடித்தது. 1842 செப்டம்பரில் சமாதானம் ஏற்பட்டது. பழைய எல்லையையே இரு தரப்பாரும் மதிப்பதென்று எழுதிக்கொண்டனர். அப்பழைய எல்லை எந்த மலை வழியே, எந்த ஓடை வழியே செல்கிறதென்று மாத்திரம் ஒருவரும் எழுதவில்லை.

நிற்க. 1839-ல் ரஞ்சித் சிங் காலமானதும் லாகூர் தர்பார் கொலைக்களமாயிற்று. 1843-ல் தியான் சிங் கொல்லப்பட்டார். அடுத்த வருஷம் சுசேத் சிங்கும் மாண்டார். சகோதரர்களை இழந்த குலாப் சிங்குக்குத் தர்பாரிடம் பற்று எஞ்சியிருக்க நியாயமில்லை. 1845 டிசம்பரில் கும்பினியாருக்கும் சீக்கருக்கும் யுத்தம் மூண்டபோது அவர் ஜம்முவிலேயே தங்கியிருந்து, இரு தரப்பாரோடும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். 1846 பிப்ரவரி 10-ந் தேதி ஸோப்ராவனில் சீக்கர் படை அழிந்தது. அவர் போரிற் கலந்துகொண்டிருந்தால் முடிவு மாறியிருக்குமோ என்பதைப் பற்றிச் சரித்திராசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அவர் ஒதுங்கி நின்றதற்குக் கூலி பெற்றார் என்பதில் வாதமில்லை.

கூலி கொடுத்த விதம் கவனிக்கத் தக்கது. மார்ச்சு 9-ந் தேதி லாகூர் உடன்படிக்கையில் ஒன்றரைக் கோடி ரூபாய் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. பணம் இல்லாத தர்பார், ஒரு கோடிக்கு ஈடாகக் காஷ்மீர் உட்பட்ட மலைநாடுகளைக் கும்பினிக்கு விட்டுக் கொடுத்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச்சு 16-ந் தேதி, அமிர்தசரஸில் கவர்னர் ஜெனரல் ஹார்டிங் பிரபு அதே நாடுகளிற் பெரும் பகுதியை எழுபத்தைந்து லக்ஷம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் குலாப் சிங்குக்கு மாற்றிக் கொடுத்தார். குலுவையும் மண்டியையும் கும்பினியார் தமக்கென நிறுத்திக் கொண்டமையால் கோடியில் கால்பங்கு தள்ளுபடியாயிற்று! பிரிட்டிஷ் மேலாதிக்கத்திற்கு அடையாளமாக வருஷந்தோறும் ஒரு குதிரை, பன்னிரண்டு சால்வை ஆடுகள், மூன்று ஜோடிக் காஷ்மீர்ச் சால்வைகள் செலுத்த வேண்டுமென்பது பத்தாம் ஷரத்து. ஆட்டுக்கு ஒரு ஷரத்தில் இடமிருந்தது. அந்நாட்டில் வாழ்ந்த லக்ஷக்கணக்கான மக்களைப் பற்றிப் பத்து ஷரத்துக்களில் ஒரு சொல் இல்லை.

பள்ளத்தாக்கின் மக்கள் அதற்கு முன்பே மொகலாயரையும், ஆப்கானியரையும், 1819 முதல் சீக்கரையும் எஜமானர்களாகக் கண்டவர்கள். புதிய எஜமானர் அவர்களை விலைக்கு வாங்கி வந்தார் என்பதே வேற்றுமை. அப்போது அங்கே கவர்னராயிருந்த ஷேக் இமாமுதீன் இடங்கொடுக்க மறுத்து டோக்ராப் படையை அடித்து விரட்டினார். பிரிட்டிஷார் படை திரட்டித் துணை நின்ற பின்னரே, 1846 நவம்பரில், குலாப் சிங் ஸ்ரீநகரில் நுழைய முடிந்தது.

அவர் பணத்தாசை பிரசித்தமானது. மனுக் கொடுக்க வருபவன் ஒரு ரூபாயை உயர்த்திக் காட்டினால், மகாராஜா பருந்துபோல் அதைப் பற்றிக்கொண்டு பின்பு பொறுமையாகக் குறை கேட்பாராம். ஒருவன் ரூபாயைக் கைக்குள் மூடிக்கொண்டு, குறையைக் கேட்ட பிறகே தருவேனென்று பிடிவாதம் செய்தான். மகாராஜா கோபிக்கவில்லை. முழுதும் கேட்டு, ரூபாயையும் வாங்கிக்கொண்டு, உத்தரவும் பிறப்பித்தார். கடைநிலைக் குடியானவனும் நேரில் அணுகக்கூடிய அரசர் என்ற பெருமையும் இக்கதையில் அடங்கியிருப்பதை மறைக்க வேண்டுவதில்லை.

விலைக்கு வாங்கிய நிலம் என்ற எண்ணமே பின்வந்த வினைகளுக்கெல்லாம் வித்து. நிலம் முழுவதும் அரசருக்கே சொந்தம் என்ற கொள்கை பள்ளத்தாக்கில் வேரூன்றியது. உழுதவனுக்கு விளைவிற் பாதிகூட மிஞ்சவில்லை. சால்வை நெய்பவன் தறிக்கும் நெய்த துணிக்கும் வரி செலுத்தினான். 1865-ல், குலாப் சிங்கின் குமாரர் ரண்பீர் சிங் காலத்தில், நெசவாளர் திரண்டு முறையிட்டபோது படையை ஏவியதில் பலர் இறந்தனர். வெட்டி வேலைக்குப் பிடிபட்ட குடியானவர்கள் கில்கிட் கணவாய்களில் சுமை தூக்கிச் சென்று மடிந்தனர். 1931-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகே நிலத்தின் மேல் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 1946-ல் ஷேக் அப்துல்லா, காஷ்மீரை விட்டு வெளியேறுக என்ற கோஷத்தை எழுப்பி, அமிர்தசரஸ் உடன்படிக்கையை வெறும் கிரயப் பத்திரமென்று கண்டித்துச் சிறை சென்றார். அவருக்காக வழக்காட ஜவஹர்லால் நேரு அங்கே சென்றபோது எல்லையிலேயே தடுத்துக் கைது செய்யப்பட்டார்.

ஜம்முவில் இக்கதையை வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். அங்கே குலாப் சிங் ராஜ்ய ஸ்தாபகர். டோக்ரா ரத்தம் சிந்தாதிருந்தால் லடாக் இந்தியாவின் படத்திலேயே இடம் பெற்றிராது என்று அவர்கள் வாதிக்கிறார்கள். இவ்வாதம் பொய்யென்று நாம் சொல்லத் துணியோம். ஒரே மனிதரை ஒரு நகரம் தந்தையென்றும் மற்றொரு நகரம் வாங்கியவரென்றும் கருதும்போது, அவ்விரு நகரங்களும் ஒரு சட்டசபையில் ஒத்து அமர்வது எளிதன்று. 2019-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமாகப் பிரிக்கப்பட்ட போது லேயில் மகிழ்ச்சியும் கார்கிலில் வருத்தமும் உண்டாயின.

கிழக்கு எல்லையை இரு தரப்புக் கமிஷனர்கள் கூடி வரையறுப்பதென்பது அமிர்தசரஸ் உடன்படிக்கையின் இரண்டாம் ஷரத்து. 1846-லும் 1847-லும் பிரிட்டிஷ் கமிஷனர்கள் லடாக்குக்குச் சென்றனர். சீனத் தரப்பிலிருந்து ஒருவரும் வந்து சேரவில்லை. வடகோடியிலுள்ள அக்ஸாய் சின் கோடு கிழிக்கப்படாமலே நின்றது. பிற்காலத்தில் ஆங்கில உத்தியோகஸ்தர் ஆளுக்கொரு கோடு வரைந்தனர். 1962-ல் அப்பாழ்நிலத்தின் பொருட்டே யுத்தம் நடந்தது. 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்தியப் போர்வீரர்கள் உயிர் நீத்தனர்.

குலாப் சிங் 1856-ல் ராஜ்யத்தை ரண்பீர் சிங்கிடம் ஒப்புவித்து, மறு வருஷம் காலமானார். தில்லியில் சிப்பாய்கள் சுதந்திரக் கொடி உயர்த்தியிருந்த வருஷம் அது. தந்தை இறந்த துக்கம் ஆறுமுன் ரண்பீர் சிங்கின் டோக்ராப் படை தில்லி முற்றுகையில் ஆங்கிலேயருக்குத் துணையாகச் சென்று நின்றது.