ஹோமி பாபா: 20 ஆண்டுகளில் வரும் என்று அவர் சொன்ன மின்சாரம் எங்கே?

1955 ஆகஸ்ட் மாதம், ஜெனீவா. அணுசக்தியை ஆக்கப் பணிகளுக்குப் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. நடத்திய முதல் மாநாடு அது. தலைமை தாங்கியவர் 45 வயது இந்தியர் ஹோமி பாபா. சூரியனில் நடப்பதுபோல ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து, கட்டுப்பாட்டோடு ஆற்றல் எடுக்கும் வழி 20 ஆண்டுகளுக்குள் கிடைத்துவிடும் என்று அவர் கணித்தார். 70 ஆண்டுகள் ஆகியும் அந்த மின்சாரம் நம்ம வீட்டுக்கு வரல. ஏன்?

யார் இந்த பாபா?

1909 அக்டோபர் 30 அன்று மும்பையில் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1927-ல் கேம்பிரிட்ஜ் போனது என்ஜினீயரிங் படிக்கத்தான். ஆனா மனசு இயற்பியல் பக்கம் போய்விட்டது. 1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தவர், இரண்டாம் உலகப் போர் தொடங்கியதால் இங்கேயே தங்கிவிட்டார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமன் இருந்த துறையில் சேர்ந்தார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார்.

அந்தப் பேச்சு ஏன் பரபரப்பானது?

அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன் மூன்றும் அப்போது இதே ஆய்வை ரகசியமாகச் செய்துகொண்டிருந்தன. உலக மேடையில் பாபா அதை வெளிப்படையாகப் பேசினார். 1958-ல் நடந்த இரண்டாவது மாநாட்டில்தான் ரகசியம் பெருமளவு விலகியது.

சிக்கல் எங்கே?

இணைவு நடக்க வாயுவை 10 கோடி டிகிரிக்கு மேல் சூடாக்கணும். அப்போது அது பிளாஸ்மாவாகிவிடும். எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது. அதனால் டோகாமாக் என்ற வளைய வடிவ இயந்திரத்தில் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கிறார்கள். ஆனா பிளாஸ்மா சும்மா இருக்காது. நெளியும், மேலேயோ கீழேயோ நழுவும். சுவரில் மோதினால் இயந்திரம் சேதமாகலாம்.

கும்பகோணம் டிகிரி காபிக்குப் பால் காய்ச்சுறவங்களுக்கு இது புரியும். பால் எழும்பும்போது தீயைக் குறைப்போம், அடங்கினால் கூட்டுவோம். கண் பார்க்குது, கை திருத்துது. இதுதான் பின்னூட்டக் கட்டுப்பாடு. டோகாமாக்கில் கண்ணுக்குப் பதில் காந்த உணரிகள், கைக்குப் பதில் மின்சுருள்கள். பிளாஸ்மா நகர்ந்ததைக் கணினி கணக்கிட்டு, சுருளில் ஓடும் மின்னோட்டத்தை மாற்றி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளும். இதெல்லாம் மில்லி விநாடிகளில் முடியணும். 1955-ல் இவ்வளவு வேகமான கணினிகள் கிடையாது. பிளாஸ்மா எத்தனை விதமாக நழுவும் என்பதும் அப்போது முழுசா தெரியாது.

பாபாவுக்குப் பிறகு?

1966 ஜனவரி 24 அன்று அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் மான்ட் பிளாங்க் மலையில் மோதியது. அப்போது அவருக்கு வயது 56. அவர் சொன்ன 20 ஆண்டில் பாதிதான் கடந்திருந்தது.

1989-ல் குஜராத்தின் காந்திநகர் அருகே இந்தியாவின் 'ஆதித்யா' டோகாமாக் இயங்கத் தொடங்கியது. இப்போது பிரான்சில் உருவாகிவரும் ஐட்டர் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. அதன் ராட்சத வெளிக்கலன் இந்தியா செய்து கொடுத்தது. பிளாஸ்மாவுக்குக் கொடுக்கும் வெப்பத்தைப்போல 10 மடங்கு ஆற்றல் எடுப்பது ஐட்டரின் இலக்கு. அதற்குப் பிளாஸ்மாவைச் சில நிமிடங்களாவது நழுவவிடாமல் பிடித்து வைக்கணும்.