வெப்பத்தை அளந்த மேதை ஜூல்

விறகு, நிலக்கரி, டீசல், செம்பனை எண்ணெய் யாவும் எரிந்து வெப்பம் தருவன. அவற்றுள் எது மிகுந்த ஆற்றல் தரும் என அறிய ஓர் அளவு வேண்டுமன்றோ? அவ்வளவு இன்று ஓர் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்போர்டு என்னும் ஊரில் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஜூல் பிறந்தார். தந்தையார் பீர் ஆலை நடத்திய செல்வந்தர். இளமையில் உடல்நலம் குன்றியிருந்த ஜூல் வீட்டிலேயே கல்வி கற்றார். அணுக்கொள்கையை வகுத்த ஜான் டால்டன் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர், ஆலைப் பணி போக எஞ்சிய நேரத்தைச் சோதனைகளில் செலவிட்டார்.

அக்காலத்தில் ஆலைகளை நிலக்கரியால் இயங்கும் நீராவிப் பொறிகளே ஓட்டின. அவற்றுக்கு மாற்றாக மின்கலத்தால் இயங்கும் பொறி வரும் என ஜூல் பெரிதும் நம்பினார். மின்கலத்தில் செலவாவது துத்தநாகம். 1841இல் இரண்டையும் ஒப்பிட்டார். ஒரு ராத்தல் துத்தநாகம் செய்த வேலையைப் போல் நான்கு மடங்குக்கும் மேலான வேலையை ஒரு ராத்தல் நிலக்கரி செய்தது. துத்தநாகத்தின் விலையோ அதிகம். தம் நம்பிக்கை பொய்த்தபோதும் அவர் கணக்கை மறைக்கவில்லை. உள்ளதை உள்ளவாறே அறிவித்தார்.

வேலைக்கும் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை அடுத்து ஆராய்ந்தார். நீர் நிறைந்த கலத்தில் துடுப்புச் சக்கரத்தைப் பொருத்தி, கீழிறங்கும் எடைகளால் அதனைச் சுழலச் செய்தார். நீர் சிறிதளவே சூடேறியது. அந்நுண்ணிய மாற்றத்தைச் சலியாது மீண்டும் மீண்டும் அளந்தார். தொடக்கத்தில் அறிஞர் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1847இல் ஆக்ஸ்போர்டில் நடந்த கூட்டத்தில் வில்லியம் தாம்சன் என்னும் இளம் அறிஞர் அவர்தம் ஆய்வின் சிறப்பை உணர்ந்தார். 772 ராத்தல் எடை ஓரடி இறங்கும்போது நிகழும் வேலை, ஒரு ராத்தல் நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடேற்றும் என 1849இல் ஜூல் நிறுவினார்.

1889ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் அவர் மறைந்தார். பின்னாளில் அவர் மேலும் திருத்தமாகக் கண்ட 772.55 என்னும் எண் அவரது கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரு கிலோகிராம் உலர்ந்த விறகு ஏறக்குறைய 18 மில்லியன் ஜூல், செம்பனை எண்ணெய் 39 மில்லியன், டீசல் 45 மில்லியன் ஜூல் வெப்பம் தரும் என இன்று நாம் ஒப்பிட முடிகிறது. நம் தோட்டங்களில் விளையும் எண்ணெய் டீசலுக்கு எவ்வளவு ஈடாகும் என்பதை இவ்வெண்களே கூறும்.

மாணவர்களே! விருப்பத்தால் மட்டும் எதுவும் உண்மையாகிவிடாது. அளந்தறிந்து, கண்டதை மறைக்காது உரைக்கும் நேர்மையை ஜூலிடம் கற்போமாக!