ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு உலகைச் சுற்றியவர்



இன்று வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தங்குமிடம் என்று மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். திட்டமிடுவது நல்லதுதான். ஆனால் நம் திட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது எது என்பதை இப்னு பதூதா (ரஹ்) அவர்களின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

மொரோக்கோவின் தஞ்சா நகரில், காழிகளின் குடும்பத்தில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது கி.பி. 1325இல், 21 வயதில் தனி ஆளாக ஊரை விட்டுப் புறப்பட்டார். உலகைச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நிய்யத் அல்ல. ஹஜ் செய்ய வேண்டும், மதீனாவில் ஜியாரத் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அப்போது தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது எவ்வளவு வேதனையாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

வழியில் கடுமையான காய்ச்சல் வந்தது. தங்கி உடல்நலம் தேறிய பின் போகலாம் என்றார்கள். மரணம் வருவதானால் ஹிஜாஸின் பாதையிலேயே வரட்டும் என்று தொடர்ந்து நடந்தார். எகிப்திலிருந்து செங்கடல் வழியாகப் போக நினைத்தார். துறைமுகத்தில் சண்டை நடந்ததால் திரும்ப நேர்ந்தது. திமிஷ்க் வழியாகச் சென்று 1326இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

ஹஜ்ஜோடு பயணம் முடியவில்லை. இராக், பாரசீகம், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா என்று நீண்டது. முடிந்தவரை, போன பாதையில் மறுபடி போவதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. பயணிகளுக்கு உணவும் இடமும் தந்த வக்ஃபு விடுதிகளும், அவர் கற்ற மார்க்கச் சட்டக் கல்வியும்தான் அவருடைய செலவுக்கான முதல். டில்லியில் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக்கினார். பிறகு சீனாவுக்குத் தூதராக அனுப்பினார்.

கோழிக்கோட்டில் நடந்ததைக் கவனியுங்கள். சாமான்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜும்ஆ தொழுவதற்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு புயல் வீசியது. சுல்தானின் அன்பளிப்புகளை ஏற்றிய கப்பல் உடைந்து, அதிலிருந்தவர்கள் இறந்தார்கள். அவருடைய பொருள்கள் இருந்த இன்னொரு கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. கையில் மிஞ்சியது பத்து தீனாரும் ஒரு விரிப்பும். உயிர் மிஞ்சியது.

மாலத்தீவில் காழியாக இருந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலைக்கு ஏறினார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரையருகே சேதமடைந்தது. மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அவருக்கும் காய்ச்சல் கண்டது. புளியைக் கரைத்துக் குடித்தார், அல்லாஹ் ஷிஃபா கொடுத்தான். பிறகு வங்காளம், சுமத்ரா, சீனா.

1348இல் திமிஷ்க் திரும்பியபோதுதான் ஊர்ச் செய்தி கிடைத்தது. தந்தை வஃபாத்தாகி 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயையாவது பார்க்கலாம் என்று ஊர் நோக்கி வந்தார். 1349இல் மொரோக்கோவை அடைந்தபோது, தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்டதை அறிந்தார். 24 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய மகனுக்குக் கிடைத்தது தாயின் கப்ரு ஜியாரத் மட்டுமே.

அதன் பிறகும் அவர் அந்தலூஸுக்கும் மாலிக்கும் சென்று வந்தார். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். 1355இல் அந்த நூல் முடிந்தது. அறிஞர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

சகோதரர்களே! அவருக்குத் தொலைபேசி இல்லை. நமக்கு இருக்கிறது. பயணத்துக்கு எழுதும் பட்டியலில் பெட்டி சாமான்களுக்கு முன்பாக நான்கை எழுதுங்கள்: நிய்யத், கடனைத் தீர்ப்பது, வஸிய்யத், பெற்றோரின் பொருத்தமும் துஆவும். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் உண்டு. தாயின் முகத்துக்கு அப்படி இல்லை.

நம் பயணங்களை நன்மையாக்கி, பெற்றோரின் பொருத்தத்தோடு வீடு திரும்பும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.