போரும் பொறுமையும்: ஹால்டேன் சரித்திரம்

கிள்ளைக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் பிச்சாவரத்துக் கழிகளில், நீர் வற்றிய வேளையில் சுரபுன்னைக் காட்டின் ஓரத்துச் சேற்றை உற்று நோக்கியவர்களுக்கு ஒரு காட்சி புதிதன்று. ஒரு பக்கத்துக் கொடுக்கு மட்டும் பெருத்து வளர்ந்த சிறு ஆண் நண்டுகள், தத்தம் வளை வாயிலில் நின்று அக்கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். வளையில்லாத நண்டொன்று வந்து இன்னொன்றின் வளையை அபகரிக்கப் பார்க்கும். கொடுக்கோடு கொடுக்குக் கோத்து இரண்டும் தள்ளிக்கொள்ளும். சிறிது நேரத்தில், பெரும்பாலும் வந்த நண்டே வழிபார்த்துத் திரும்பிவிடும். எதிரியை ஊனப்படுத்துவது அபூர்வம்.

கையில் ஆயுதம் இருந்தும் அது ஏன் அடங்கிப் போகிறது? இது அற்பக் கேள்வியன்று. வலியது எளியதை விழுங்குவதே இயற்கையின் சட்டம் என்று டார்வின் பெயரால் ஒரு சித்தாந்தம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் பரவிற்று. அந்நிய நாடுகளைப் பிடித்து ஆண்டவர்கள் அதையே தமக்குச் சாஸ்திரமாக எடுத்துக்காட்டினர். அதை மறுத்தவர்களில் பலரோ, விலங்குகள் தம் இனத்தின் நன்மையைக் கருதி அடங்கி நடக்கின்றன என்று நல்லெண்ணத்தோடு சொல்லி நிறுத்திக்கொண்டனர். இரண்டும் கணக்குப் போடாத பேச்சு. இவ்விஷயத்தில் கணக்குப் போடும் வழியைத் திறந்த முன்னோடிகளில் ஒருவர், ஆங்கிலேயராய்ப் பிறந்து இந்தியப் பிரஜையாக மாண்ட பேராசிரியர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

அவர் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களில் தொழிலாளரைக் கொல்லும் விஷவாயுக்களை ஆராய்ந்த உடலியல் விஞ்ஞானி. அவர் மகனையும் சுரங்கத்துக்குள் அழைத்துச் செல்வார். ஒரு முறை, கூரையோரம் வாயு தேங்கிய இடத்தில் சிறுவனை நிற்கவைத்து ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்பிக்கச் சொன்னாராம். ஒப்பித்துக்கொண்டிருக்கையிலேயே பையன் மூச்சுத் திணறிச் சாய்ந்தான். தரையில் கிடந்ததும் தெளிந்தான். அவ்வாயு காற்றைவிட இலேசானது என்ற பாடம் அவ்விதம் புகட்டப்பட்டது. இக்காலத்துப் பெற்றோர் இதை ஒப்பமாட்டார்கள். ஆனால் பிறருக்கு நேரக்கூடிய ஆபத்தை முதலில் தன் உடலிலேயே சோதித்துப் பார்ப்பது என்ற வழக்கம் ஹால்டேனை அன்று முதல் விட்டதில்லை.

யுத்தத்தை அறியாது சமாதானம் பேசியவர் அல்லர் அவர். 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, குண்டெறிவதில் பெயர் பெற்றார். அத்தொழில் தமக்குப் பிடித்திருந்ததைப் பின்னாளில் ஒளிக்காமலே ஒப்புக்கொண்டார். மெசொபொட்டேமியாவில் காயமுற்று இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது இந்நாடு அவர் மனத்தைக் கவர்ந்தது. ஆளும் சாதியைச் சேர்ந்தவன் என்ற வேலி நடுவே நின்றதால், சமமாகப் பழக இயலும் காலம் வந்தாலன்றித் திரும்புவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு போனார். அந்தக் காலம் வர நாற்பதாண்டு ஆயிற்று.

விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டம் கிடையாது. ஆக்ஸ்போர்டில் முடிவாகப் பட்டம் பெற்றது கிரேக்க லத்தீன் இலக்கியத்திலும் தத்துவத்திலும். ஆயினும் 1923-ல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் பதவி பெற்று, 1924 முதல் இயற்கைத் தேர்வைக் கணிதமாக்கும் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டார். 1932-ல் வெளிவந்த அவருடைய பரிணாமக் காரணங்கள் பற்றிய நூலில், பிறருக்காகத் தன்னைத் தியாகம் செய்யும் குணம் இயற்கையில் எப்படி நிலைக்கும் என்று ஆராய்ந்தார். பெருங்கூட்டத்தில் அது பரவுவது கடினம். உறவினர் நெருங்கி வாழும் சிறு கூட்டத்தில் இடமுண்டு என்பது அவர் கண்ட விடை.

1955-ல் இதை இன்னும் எளிமையாக எழுதினார். ஆற்றில் அடித்துச் செல்லப்படும் குழந்தையைக் காக்கக் குதிப்பவன் மாள்வதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கொள்வோம். குழந்தை தன் மகனோ தம்பியோ ஆனால், குதிக்கத் தூண்டிய பரம்பரை அம்சம் அக்குழந்தையிடமும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆகவே ஒன்று இழக்கப்படும் இடத்தில் ஐந்து காக்கப்படும். பேரனோ மருமகனோ ஆனால் லாபம் அதில் பாதி. தாமே இருமுறை நீரிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டதாகவும், அப்போது கணக்குப் போட அவகாசம் இருக்கவில்லை என்றும் ஹால்டேன் குறிப்பிட்டிருக்கிறார். இந்தக் கருத்தைப் பொதுச் சூத்திரமாக்கி 1964-ல் முழுமை செய்தவர் வில்லியம் ஹாமில்டன்.

உறவில்லாத இரு பிராணிகள் மோதும்போது என்ன என்பதற்கு விடை கண்டவர் ஹால்டேனின் மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித். பள்ளி வயதில் ஹால்டேன் நூல்களைப் படித்து மயங்கி, விமான எஞ்சினீயர் தொழிலை விட்டு அவரிடம் வந்து சேர்ந்தவர் இவர். ஜார்ஜ் பிரைஸ் என்பவரோடு சேர்ந்து 1973-ல், பொருளாதார நிபுணர் கையாண்ட ஆட்டக் கோட்பாட்டை விலங்குகளின் சண்டைக்குப் பொருத்தினார். அதன் சாரம் பருந்து, புறா என்ற இரு குணங்களை வைத்துச் சொல்லப்படுவது.

கிடைக்கும் பொருளின் மதிப்பு 50. காயம்பட்டால் நஷ்டம் 100. பருந்துக் குணம் முடிவுவரை போரிடும்; புறாக் குணம் மிரட்டிவிட்டு விலகும். எல்லாரும் புறாக்களானால் சராசரி ஆளுக்கு 25 கிடைக்கும். அங்கே ஒரு பருந்து புகுந்தால் அது 50-ஐயும் அள்ளும்; ஆகவே பருந்துகள் பெருகும். எல்லாரும் பருந்துகளானாலோ சராசரி 25 நஷ்டம். ஒன்றும் பெறாமல் ஒதுங்கும் புறாவே அப்போது மேல். பாதிப் பருந்து, பாதிப் புறா என்ற நிலையில் இரண்டுக்கும் பன்னிரண்டரை கிடைக்க, தராசு அசையாது நிற்கும். எல்லாரும் புறாவாயிருந்தால் கிடைத்திருக்கும் 25-ல் இது பாதி என்பதை அரசியல் ஊழியர்கள் கவனிக்க வேண்டும். சமாதானம் லாபமானது என்று காட்டினால் மட்டும் போதாது. துரோகியால் கவிழ்க்க முடியாததாகவும் அது இருக்க வேண்டும்.

அவ்வாறு கவிழாத ஏற்பாடு ஒன்றுண்டு. வளைக்கு உடையவன் எதிர்த்து நிற்பான், வந்தவன் விலகுவான் என்ற விதியை எல்லாரும் கைக்கொண்டால், அதை மீறுபவனுக்கே நஷ்டம். நம் கழி நண்டின் நடத்தை இதற்கு ஒத்திருக்கிறது. இவ்வகை நண்டுகளில் ஆஸ்திரேலியாவில் உள்ள ஓரினத்தைப் பற்றி 2004-ல் வெளியான ஆராய்ச்சி இன்னொன்றும் காட்டிற்று: அயலான் தாக்கும்போது பக்கத்து வளையின் பெரிய நண்டு உதவிக்கு வருகிறது. புதிய அண்டைவீட்டானோடு எல்லைச் சண்டையை மறுபடி தொடங்குவதைவிடப் பழகியவனைக் காப்பது மலிவு!

ஹால்டேனுடைய அரசியல் அவ்வளவு குறையற்றதன்று. ஸ்பெயின் குடியரசுக்குத் துணை நின்றதும், 1939-ல் 99 பேரைப் பலிகொண்ட தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பலின் மரணக் காற்றைத் தாமே அடைபட்டுச் சுவாசித்துப் பார்த்ததும் பெருமைக்குரியன. ஆனால் சோவியத் நாட்டில் லைசென்கோ மரபியலை நசுக்கி, வவிலோவ் 1943-ல் சிறையில் மாண்ட பின்னரும், கம்யூனிஸ்டு கட்சியிலிருந்த அவர் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். உண்மைக்குத் தம் உடலைப் பணயம் வைத்தவர் கட்சிக்காக நாவை அடக்கியது வருந்தத்தக்கது.

1957-ல், சூயஸ் படையெடுப்பைக் கண்டித்துப் பிரிட்டனை விட்டு, மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா புள்ளியியல் ஸ்தாபனத்துக்கு வந்தார். வேஷ்டியும் ஜிப்பாவும் அணிந்தார்; மாமிசத்தை விட்டார். பறவைகளைச் சுடாமல் கொல்லாமல் பார்த்து எண்ணியே ஆராயலாம் என்று 1959-ல் எழுதி, விலையுயர்ந்த கருவி இல்லை என்று ஏங்கிய இந்திய இளைஞருக்கு வழி காட்டினார். சென்னை ஹிந்து பத்திரிகையிலும் கட்டுரைகள் எழுதினார். 1961-ல் பிரஜா உரிமை பெற்றார். அதே ஆண்டில், அமெரிக்க மாணவர் சிலர் விஷயமாக எழுந்த தகராறில் உண்ணாவிரதம் இருந்தார். ஸ்தாபனத்தையும் விட்டு விலகினார். தேடி வந்த மேதைக்கு நம் நிர்வாகங்கள் நிம்மதியான ஓரிடம் தரத் தாமதித்தன. ஒரிஸ்ஸா அரசாங்கமே 1962-ல் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக் கொடுத்தது.

1964 டிசம்பர் 1-ஆம் தேதி அங்கேயே புற்றுநோயால் காலமானார். நோயைக் குறித்தும் வேடிக்கையாகக் கவிதை எழுதி, காலத்தோடு வைத்தியரிடம் காட்டுங்கள் என்று மற்றவர்களை எச்சரித்திருந்தார். அவருடைய விருப்பப்படி, அவர் உடல் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா வைத்தியக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துப் பயில்வதற்காக அனுப்பப்பட்டது.