கரியமில வாயுவுக்குக் கணக்கு எழுதியவர்

செஞ்சிக்குப் போகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து மலைத்து நிற்பார்கள். சுமார் 800 அடி உயரம். தேசிங்கு ராஜனின் புகழ் பாடும் மலை. எத்தனையோ முற்றுகைகளைப் பார்த்த பாறை.

அந்தப் பாறையையும் கரைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது மழைத் தண்ணீர்!

காற்றில் உள்ள கரியமில வாயு மழைத்துளியில் கரைகிறது. உடனே அந்த நீர் லேசான அமிலம் ஆகிவிடுகிறது. சோடா குடித்தால் நாக்கில் சுருக்கென்று ஏறுகிறதே, அதே அமிலம்தான். மழையில் இருப்பது மிகமிகக் குறைவு. ஆனாலும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அது கருங்கல்லைத் துளித்துளியாகத் தின்று வருகிறது. கரைந்த பொருள் செஞ்சி ஆறு என்ற சங்கராபரணியில் இறங்கி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. காற்றில் இருந்த கரியமில வாயுவில் ஒரு சிறு பங்கு இப்படிக் கடல் சேருகிறது.

இந்த வாயு காற்றில் கூடினால் பூமி எத்தனை டிகிரி சூடாகும்? குறைந்தால் எவ்வளவு குளிரும்? இதற்கு முதன்முதலில் கணக்குப் போட்டவர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். ரசாயனப் பாடத்தில் அமிலம் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்குத் தெரிந்த பெயர்.

மூன்று வயதில் படிப்பு

ஸ்வீடன் நாட்டில் உப்சாலா நகருக்கு அருகே 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ந் தேதி அவர் பிறந்தார். தந்தை நில அளவையாளர். பையன் மூன்று வயதிலேயே தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டான். அப்பாவின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்தே கூட்டல் கழித்தல் பழகினான்.

1884இல் டாக்டர் பட்டத்துக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். உப்பைத் தண்ணீரில் போட்டால், அது மின்சாரம் ஏறிய நுண்ணிய துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்ற தத்துவத்துக்கு வித்திட்ட கட்டுரை அது. உப்சாலா பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. மிகத் தாழ்ந்த தரமே கொடுத்தார்கள்.

பெரிய படிப்பு படித்தவர்களுக்கும் சில சமயம் கண் தெரியாமல் போய்விடுகிறது!

அர்ஹீனியஸ் சோர்ந்துவிடவில்லை. கட்டுரையை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். ரிகா நகரில் இருந்து ஆஸ்ட்வால்ட் என்ற பேராசிரியர் உப்சாலாவுக்கே புறப்பட்டு வந்து, இளைஞரைச் சந்தித்து வேலை கொடுப்பதாகச் சொன்னார். அதன் பிறகே உள்ளூரில் மதிப்பு வந்தது. எந்த ஆராய்ச்சி தாழ்த்தப்பட்டதோ, அதில் இருந்து வளர்ந்த தத்துவத்துக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்வீடனில் அந்தப் பரிசு பெற்ற முதல் மனிதர் அவரே.

பென்சிலும் காகிதமும்

1894இல் தம் மாணவியாக இருந்த சோபியாவை மணந்தார். மறு ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் குடும்பம் நிலைக்கவில்லை. 1896இல் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

மனம் உடைந்த அந்த நாட்களில்தான் அவர் மாபெரும் கணக்கு ஒன்றில் மூழ்கிக் கிடந்தார். 1894 டிசம்பரில் தொடங்கியது. சுமார் ஒரு வருஷம் பிடித்தது. கணக்குப் போடும் யந்திரம் இல்லை. பென்சிலும் காகிதமும்தான். நிலவொளியோடு வரும் வெப்பத்தை அமெரிக்க விஞ்ஞானி லாங்லி அளந்து வைத்திருந்தார். அந்த அளவுகளைக் கொண்டு, காற்று எவ்வளவு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று கண்டார். பல்லாயிரம் தடவை பெருக்கினார், வகுத்தார். 1896இல் விடை வெளியாயிற்று. கரியமில வாயு இரு மடங்கானால் வெப்பம் 5 முதல் 6 டிகிரி கூடும்! இன்றைய விஞ்ஞானிகள் சுமார் 3 டிகிரி என்கிறார்கள். தனி மனிதர் கையால் போட்ட கணக்கு இவ்வளவு அருகில் வந்ததே அதிசயம்.

வாயுவின் வரவு செலவுக்கு அவர் நண்பர் ஹோக்போம் உதவினார். அந்தக் காலத்தில் உலகம் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் நிலக்கரி எரித்தது. அதில் வரும் வாயுவைப் பாறைகள் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும் என்பது ஹோக்போமின் மதிப்பு. இன்று எரிவதோ 800 கோடி டன்னுக்கு மேல். செஞ்சிப் பாறைகளும் மற்றப் பாறைகளும் என்ன செய்ய முடியும்?

வாயு பாதி அளவு கூடுவதற்கே 3,000 ஆண்டு ஆகும் என்று அர்ஹீனியஸ் முதலில் எண்ணினார். வெப்பம் கூடினால் நல்லது என்றும் நம்பினார். பனியில் பிறந்தவர் அல்லவா! கத்திரி வெயிலில் ராஜகிரிப் படி ஏறியிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

காலடியில் இருந்த புதையல்

அதே 1896 கோடையில், வட துருவத்துக்குப் பலூனில் போக முயன்ற ஆந்த்ரே என்பவரின் குழுவோடு, கடல் ஆராய்ச்சியாளராக ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு அவர் சென்றார். அங்கே மேல்மண்ணுக்குக் கீழே பூமி வருஷம் முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கும். காலடியில் கிடந்த அந்த உறைநிலத்தை அவருடைய கணக்கு சேர்க்கவில்லை.

வடதுருவப் பிரதேசம் எங்கும் இத்தகைய மண்ணில் பழங்காலத்துப் புல்லும் வேரும், ஐஸ் பெட்டியில் வைத்த மீன் போல, கெடாமல் இருக்கின்றன. அவற்றில் உள்ள கரி சுமார் 1,40,000 கோடி டன். காற்றில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

அர்ஹீனியஸ் 1927 அக்டோபர் 2ந் தேதி காலமானார். அதற்குப் பிறகு காற்றும் கடலும் சூடேறின. சைபீரியாவின் வடகரையில் உறைந்த மண் இளகி, பாளம் பாளமாகக் கடலில் விழுகிறது. கடலில் உள்ள கிருமிகள் அந்தப் பழைய இலையையும் வேரையும் தின்கின்றன. கரியமில வாயு வெளிப்படுகிறது. கொஞ்சம் நீரிலேயே கரைந்து, சோடாவைப் போலக் கடலின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. சிப்பி, நத்தைகளுக்கு ஓடு கட்டுவது கஷ்டமாகிறது.

கிழக்கு சைபீரியக் கடலோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 கோடியே 40 லட்சம் டன் பழங்கரி இப்படி விடுபடுகிறது என்று 2012இல் ஓர் ஆராய்ச்சி கூறியது. அதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்குப் போகிறது. மீதி ஒரு பங்கு கடலடிச் சேற்றில் மறுபடி புதைகிறது.

அதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர்கள் ஸ்டாக்ஹோம் பல்கலைக் கழகத்தினர். அர்ஹீனியஸ் பேராசிரியராக இருந்த கல்லூரிதான் பின்னாளில் அந்தப் பல்கலைக் கழகம் ஆயிற்று. அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.