முதல் வேலை: குழந்தையைப் பார்த்துக்கொள்வது!

மெக்கானிக் ஷெட்ல புதுசா சேர்ந்திருக்கீங்களா? ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறதும் டீ வாங்கிட்டு வர்றதும்தான் வேலையா இருக்கா? அப்போ ஹோண்டா வண்டிகளுக்குப் பெயர் கொடுத்த சொய்சிரோ ஹோண்டா தொழில் கற்ற கதை உங்களுக்குத்தான்.

1906-ல் ஜப்பானின் ஹமாமட்சு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கொல்லர், சைக்கிள் ரிப்பேரும் பார்ப்பார். ஊருக்குள் முதன்முதலாக வந்த காரின் பின்னாலேயே ஓடி, அது தரையில் சிந்திய எண்ணெயை மோந்து பார்த்த பையன் இவர். 1922-ல், 15 வயதில், டோக்கியோவின் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் ஷாப்புக்கு வேலை கேட்டு அவரே கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது. கொடுத்த வேலை? தரையைத் துடைப்பது, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது!

பல மாதம் முதுகில் குழந்தையோடு, மத்தவங்க இன்ஜினைப் பிரிப்பதை வேடிக்கை மட்டும் பார்த்தார். ஊருக்கே ஓடிடலாமான்னுகூட நினைச்சிருக்கார். ஒரு பனி நாளில் வேலை குவிந்துவிட, முதலாளி இவரையும் கூப்பிட்டார். ஈரத் தரையில் படுத்து காருக்கு அடியில் நுழைந்தவர், வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் குழந்தை டியூட்டி குறைந்தது.

1923 செப்டம்பர் 1. டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது, தீ பரவியது. வாடிக்கையாளர்களின் கார்களை வெளியே எடுக்க வேண்டும். அதுவரை கார் ஓட்டியே பழகாத பையன், கூட்டத்துக்கு நடுவே ஒரு காரை ஓட்டிக் காப்பாற்றினான் (இதை மட்டும் நீங்க டிரை பண்ணாதீங்க!). ஊழியர்கள் பெரும்பாலும் ஊருக்குப் போய்விட, இவர் தங்கிவிட்டார். தீயில் கருகிய கார்களைச் சரிசெய்வதுதான் இவருக்கு உண்மையான பாடம். அன்றைய சக்கரங்களில் ஸ்போக்ஸ் மரம், எல்லாம் எரிந்துபோயிருந்தன. புதிதாகச் செய்து மாட்டினார். பின்னாளில் இரும்பு ஸ்போக்ஸுக்குக் காப்புரிமையே வாங்கினார்.

1928-ல் ஹமாமட்சுவில் சொந்தப் பொறுப்பில் கிளை. கடை நன்றாக ஓடியது. ஆனால், அவருக்குப் பிஸ்டன் ரிங் தயாரிக்க ஆசை. இன்ஜினுக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்குமே, அந்த மெல்லிய வளையம். அது சரியில்லைன்னா கம்ப்ரஷன் போகும், ஆயில் எரியும், சைலன்ஸர்ல புகை கக்கும். சின்னப் பொருள்தான், அவரை அழவைத்துவிட்டது. உலோகத்தில் சிலிகான் குறைவு என்று ஒரு பேராசிரியர் சொன்னபோதுதான், கைப்பழக்கம் மட்டும் போதாது என்று புரிந்தது. 30 வயதில், முதலாளியாக இருந்துகொண்டே, தொழில்நுட்பப் பள்ளியில் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தேவையான பாடத்தை மட்டும் கேட்டார், தேர்வு எழுதவில்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகும் டொயோட்டா சோதித்த 50 ரிங்குகளில் தேறியவை மூன்றே மூன்று. மறுபடி பல்கலைக்கழகங்கள், எஃகு ஆலைகள் என்று அலைந்து கற்று, தரத்தைக் கொண்டுவந்தார்.

போர் முடிந்தது. 1946-ல், ராணுவம் விட்டுப்போன சிறு ஜெனரேட்டர் இன்ஜின்களை சைக்கிளில் பொருத்தினார். பெட்ரோல் டேங்க்குக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த வெந்நீர் ஒத்தடப் பாத்திரத்தையே மாட்டிவிட்டார். அதை ஊருக்குள் ஓட்டிக்காட்டியவர், அவர் மனைவி சச்சி.